பழைய உத்திப்போர் ஆர்பிஜி (கதைமாந்தரின் இடத்தில் நின்று ஆடும் வீடியோ கேம்) ஒன்று புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. சிறுவயதில் அதை ஆடாதவர்களுக்கு இப்போது ஆடினால் பிடிக்குமா?

பிடிக்கும். பழைய நினைவுகளின் துணை இல்லாமலேயே நிற்கக்கூடிய ஆட்டமாக இருந்தால் நிச்சயம் பிடிக்கும். நான் அண்மையில் முதல்முறையாக ஆடியது 'ஃபைனல் ஃபேண்டசி டாக்டிக்ஸ்: தி இவாலிஸ் கிரானிக்கிள்ஸ்'. அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

1997 ஜூனில் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்காக வெளிவந்த ஆட்டம் இது. இயக்கியவர் யாசுமி மட்சுனோ. 2007-இல் பிஎஸ்பி கருவிக்கு ஒரு பதிப்பு வந்தது. இந்தப் புதுப்பதிப்பு 2025 செப்டம்பர் 30 அன்று வந்தது. 1997-இல் கிருஷ்ணகிரியில் எங்களுக்கு டிவி கேம் என்றால் கேசட் செருகி ஆடும் மாரியோவும் கான்ட்ராவும்தான். இப்படி ஓர் ஆட்டம் இருப்பதே அன்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆகவே இதன்மேல் எனக்குப் பழைய பாசம் கிடையாது. மடிக்கணினியில் புதிதாக ஒன்றைத் தொடங்குவதுபோலத்தான் தொடங்கினேன். அதில் வரும் சின்ன உருவங்களுக்கு மூக்கே வரைந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒருவன் தலையைக் குனிந்தால் அது வெட்கமா, துக்கமா என்று புரிந்துவிடுகிறது. ஓவியர் அகிஹிகோ யோஷிடாவின் கைவண்ணம் அது.

முதலில் என்னைப் பிடித்து இழுத்தது காலக்கணக்கு. ஆடுபுலி ஆட்டத்தில் ஒருவர் நகர்த்தினால் அடுத்தவர் நகர்த்த வேண்டும், முறை மாறாது. இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு வீரனுக்கும் வேகம் என்று ஓர் எண் உண்டு. ஆட்டத்தின் கடிகாரம் துடிக்கத் துடிக்க அந்த எண் அவன் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். 100-ஐத் தொட்டால் அவன் முறை. நகரவும் செய்து தாக்கவும் செய்தால் கணக்கு அடிமட்டத்துக்கு இறங்கும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் 20 மிஞ்சும். எதுவும் செய்யாமல் நின்றால் 40 மிஞ்சும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வரும். ஆக, சும்மா நிற்பதும் யோசித்துச் செய்ய வேண்டிய ஒரு காரியம்.

மந்திரங்களும் இந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன. பெரிய மந்திரம் சொன்னவுடன் விழாது. அது பழுக்க நேரம் வேண்டும். அதை ஓர் ஆள்மீது குறிவைக்கலாம், களத்தின் ஒரு கட்டத்தின்மீதும் குறிவைக்கலாம். ஆள்மீது வைத்தால் அவன் போகுமிடமெல்லாம் அது கூடவே போகும். அவன் நம்மவர் நடுவே ஓடிவந்து நின்றால் நெருப்பு நம்மவர் தலையிலும் விழும். வரப்போகும் முறைகளைப் புதுப்பதிப்பு திரையோரத்திலேயே வரிசையாகக் காட்டிவிடுகிறது. பழையதில் மெனுவுக்குள் போய்த் தேடிப் பார்க்க வேண்டும். என் சித்தி மகன் கைப்பேசித் துப்பாக்கிச் சண்டைகளில் வளர்ந்தவன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன், "அண்ணா, வரிசையைப் பாருங்கள். அந்த மந்திரக்காரனின் நெருப்பு விழுவதற்கு முன்னால் நம் ஆளுக்கு முறை வருகிறது. நம் ஆளை அங்கிருந்து நகர்த்திவிடுங்கள்" என்றான். இந்த ஆட்டம் எந்த வயதினருக்கும் ஓடும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்தது உயரம். முதல் அத்தியாயத்திலேயே டோர்ட்டர் என்ற வணிக நகரின் குடிசைப் பகுதியில் ஒரு சண்டை வரும். எதிரி வில்லாளிகள் மேட்டிலும் கூரையிலும் நிற்பார்கள், நாம் தெருவில் நிற்போம். மேலிருந்து எய்யும் அம்பு கூடுதல் தூரம் பாயும். கீழிருப்பவன் ஏறிப்போகத் தாவும் திறன் வேண்டும், அதற்குள் பல முறைகள் கரைந்துவிடும். நான் தினமும் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைப் பார்த்து வளர்ந்தவன். 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல்லின் ஆங்கிலேயப் படை அந்த மலையடிவாரத்துக் கோட்டையைப் பிடித்தது. மேல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. மேலே நின்ற திப்புவின் ஆட்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். மறு ஆண்டு உடன்படிக்கையில்தான் பாராமகால் பகுதி கும்பினி கைக்குப் போனது. பள்ளிக்கூடத்தில் இதை வெறும் தேதியாகப் படித்தேன். டோர்ட்டரின் கூரைக்கு அடியில் என் ஆட்களை நிறுத்திவிட்டு மேலே பார்த்தபோதுதான் மேக்ஸ்வெல்லின் சிப்பாய்கள் நின்ற இடம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கட்டங்களை வைத்து ஒரு மலையின் பாரத்தை உணர்த்தியிருக்கிறார்கள். இது சாதாரண வேலை இல்லை.

சண்டையில் ஒருவன் விழுந்தால் அவன் தலைக்குமேல் மூன்றிலிருந்து இறங்கும் எண் தோன்றும். அது முடிவதற்குள் எழுப்பாவிட்டால் அவன் படிகமாகவோ புதையல் பெட்டியாகவோ மாறிவிடுவான். பிறகு திரும்ப வரமாட்டான். படிகத்தை எடுப்பவர் அவன் கற்ற வித்தைகளில் சிலவற்றைப் பெறலாம். கதையில் இடம்பெறாத, நாமே கூலிக்குச் சேர்த்த சாதாரணச் சிப்பாய்க்கும் இதே விதிதான், அவனுக்கும் ஒரு பெயர் உண்டு. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களில் இதே மரியாதையைப் பார்த்திருக்கிறேன். அரசனின் பெயரும் ஆண்டும் பொறித்து, அதன்கீழ் யாரோ ஒருவரின் சேவகன் தொறு மீட்டுப் பட்டான் என்று எழுதியிருக்கும். மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்த எளிய மனிதனுக்கு ஒரு முழுக் கல்! சிப்பாயின் சாவுக்கு எடை கொடுக்கும் ஆட்டம் எனக்கு நெருக்கமாக இருந்ததற்கு அந்தக் கற்களும் ஒரு காரணம்.

கதையும் இதையேதான் பேசுகிறது. ஐம்பது ஆண்டுப் போரில் உயிரைக் கொடுத்துச் சண்டையிட்ட குடிமக்களைச் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் பிரபுக்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 'கார்ப்ஸ் பிரிகேட்' என்ற கலகப்படையாகத் திரள்கிறார்கள். அவர்களை அடக்க அனுப்பப்படும் பிரபு வீட்டுப் பிள்ளை ராம்ஸா. அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்த நண்பன் டெலிட்டா, பிறப்பால் சாதாரணன். ஆர்கத் என்றொருவன் டெலிட்டாவின் முகத்துக்கு நேரே அவன் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தும் இடம் வருகிறது. பிறப்பை வைத்து மனிதனை அளக்கும் பேச்சைக் கேட்டே வளர்ந்த நம் மாவட்டத்துக்காரர் எவரும் அந்தக் காட்சியை ஜப்பானியக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. எனக்கு உடம்பே கொதித்தது. முதல் அத்தியாயத்தின் முடிவைச் சொல்லப்போவதில்லை. அதை நீங்களே பார்க்க வேண்டும்.

மறுவெளியீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பழைய மூல நிரல், அதாவது ஆட்டத்தை உருவாக்க எழுதிய கணினிக் கட்டளைகள், பாதுகாக்கப்படவில்லை. பல பதிப்புகளை ஆராய்ந்துதான் இதை மறுபடி கட்டினோம் என்று புதுப்பதிப்பின் இயக்குநர் கசுடோயோ மேஹிரோ சொல்லியிருக்கிறார். தகடூர்ப் போரைப் பாடிய பழந்தமிழ் நூலான தகடூர் யாத்திரை முழுதாகக் கிடைக்காமல், பிற்காலத் தொகைநூலில் அகப்பட்ட சில பாடல்களாகவே எஞ்சியிருப்பதை அறிந்தவர்களுக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும். பிஎஸ்பி பதிப்பில் கூடுதலாக வந்த சில தொழில்கள் (வீரர்கள் ஏற்றுக் கற்கும் போர் வகைகள்) இதில் இல்லை என்று பழைய ஆட்டக்காரர்கள் வருந்துகிறார்கள். புதியவருக்கு அந்தக் குறை தெரியாது, இருக்கும் தொழில்களைக் கற்பதற்கே நீண்ட நாள் ஆகும்.

இனி தொடங்குவதற்குச் சில யோசனைகள். உள்ளே 'என்ஹான்ஸ்டு', 'கிளாசிக்' என்று இரண்டு பதிப்புகள் இருக்கும். முதல்முறை ஆடுபவர் என்ஹான்ஸ்டையே எடுங்கள். அதில் எல்லா வசனங்களுக்கும் குரல் உண்டு. ஆங்கிலம் பழைய நாடக மொழியில் இருப்பதால் படிக்கும்போது தடுக்கும் வரிகூடக் கேட்கும்போது புரிந்துவிடும். தமிழ்வழியில் படித்த எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. தானாகச் சேமித்துக்கொள்வதால் நடுவில் மின்சாரம் போனாலும் பயமில்லை. சிரம நிலைகளில் நடுவிலுள்ள 'நைட்' போதும். கதைக்காக மட்டும் ஆடுபவர் எளிதான 'ஸ்குயர்' எடுக்கலாம். தொடக்கத்தில் 'கெமிஸ்ட்' என்ற மருந்துத் தொழில்காரர் ஒருவரையாவது எப்போதும் களத்தில் வைத்திருங்கள், அவர் தரும் மருந்துக்குக் காத்திருப்பு நேரம் கிடையாது. ஒவ்வொரு முறையின் முடிவிலும் உங்கள் ஆள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். முதுகில் விழும் அடி தவறுவது அரிது என்பதால் அந்த ஒரு நொடியை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். கிளாசிக் பதிப்பை, கதை முடிந்து மறுபடி ஆடத் தோன்றும்போது திறந்துகொள்ளலாம்.