சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. மூன்று மாதமாக இரண்டு காதிலும் மெஷின் போடுகிறார். ‘சத்தம் கேட்குது, பேச்சு புரியலை’ என்கிறார். விசில் சத்தமும் வருகிறது. மெஷினால் காது மேலும் கெட்டுவிட்டதா? செல்போன் ஆப்பில் சோதித்தால் மோசமாகக் காட்டுகிறது. நான்கு நாளாக வலது காது திடீரென அடைத்துவிட்டது. பூண்டு எண்ணெய் காய்ச்சி விட்டோம்.

பதில்: வலது காது திடீரென அடைத்துவிட்டது என்கிறீர்களே, அதற்காக இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அப்பாவை அழைத்துப் போங்கள். அழுக்காக இருந்தால் உள்ளே பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆனால் ஒரு காது திடீரென மந்தமானால் உள்காது பாதிப்பாகவும் இருக்கலாம். பெரும்பாலும் வலி இருக்காது, அடைத்த மாதிரி மட்டும்தான் இருக்கும். அதனால்தான் பலரும் எண்ணெய் விட்டு நாளைக் கடத்துகிறார்கள். இதற்குத் தரும் ஸ்டீராய்டை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறைந்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எண்ணெய் இனி ஒரு சொட்டும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும்.

சரியாக செட் செய்த மெஷின் காதைக் கெடுக்காது. விசிலுக்குக் காரணம் பெரும்பாலும் தளர்ந்த மோல்டு (மெஷினின் காதுக்குள் பொருந்தும் பகுதி) அல்லது காது அழுக்கு. ஆப்பை அழித்துவிடுங்கள்.

பேச்சு புரியாததுதான் உண்மையான குறை. வயதால் வரும் காது மந்தத்தில் கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும். ‘பத்து’ என்றால் ‘கத்து’ என்று கேட்கும். அந்த ஒலிகளை மட்டும் தேவையான அளவு கூட்டித் தர வேண்டும். பல இடங்களில் கம்பெனி சாஃப்ட்வேர் சொல்லும் சராசரி அளவை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். காதுக் குழாயின் அளவோ ஆளுக்கு ஆள் மாறும். மெல்லிய சிலிகான் குழாயைச் செவிப்பறைக்கு அருகில் வைத்து, மெஷினையும் மாட்டி, பேச்சொலி உள்ளே எவ்வளவு போய்ச் சேருகிறது என்று கணினியில் அளக்க முடியும். இதற்குப் பெயர் ‘ரியல் இயர் மெஷர்மென்ட்’. இதைச் செய்வீர்களா என்று ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்து மெஷினை செட் செய்பவர்) கேளுங்கள். வலது காதுக்குப் புதிய ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) எடுத்த பிறகு செய்ய வேண்டிய வேலை இது.

அப்புறம், அப்பா எங்கெங்கே திணறுகிறார் என்று நாலைந்து இடங்களை எழுதிக் கொடுங்கள்: பேத்தியிடம் போனில் பேசும்போது, கல்யாண வீட்டில், டிவி செய்தியில். மாற்றி செட் செய்த பிறகு அதே பட்டியலை வைத்து அவரிடமே கேட்க வேண்டும். தினமும் எத்தனை மணி நேரம் போட்டார் என்பதைப் பெரும்பாலான டிஜிட்டல் மெஷின்கள் பதிவு செய்து வைத்திருக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். விசேஷத்துக்கு மட்டும் மாட்டிக்கொண்டு போனால் மூளைக்கு அந்த ஒலி பழகாது.