மெயில்பாக்ஸ்: எம்பாக்ஸா, மெயில்டிரா, எம்டிபாக்ஸா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 40 பேர். இதுவரை வாடகைக்கு எடுத்திருந்த மெயில் சேவையை விட்டுவிட்டு, டெபியன் 13 லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை அனுப்பிப் பெறும் மென்பொருள்) டவ்காட்டும் (மெயிலைச் சேமித்துப் படிக்கக் கொடுக்கும் மென்பொருள்) போட்டுச் சொந்த சர்வர் வைக்கிறோம். மெயில்களை எந்த வடிவத்தில் சேமிப்பது? டவ்காட்டின் சொந்த வடிவமான எம்டிபாக்ஸ்தான் வேகம் என்கிறார் நண்பர் ஒருவர்.

பதில்: மெயில்டிர் போடுங்கள். 40 பேருக்கு அதன் வேகம் தாராளமாகப் போதும்.

முதலில் எம்பாக்ஸைத் தள்ளிவிடுவோம். ஒரு ஃபோல்டரின் மெயில்கள் எல்லாம் ஒரே ஃபைலில் வரிசையாக இருக்கும், நடுவில் ஒன்றை நீக்கினால் அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் திரும்ப எழுத வேண்டும். இன்று ஒருவரே போனிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் இன்பாக்ஸைத் திறந்து வைக்கிறார், அதே நொடியில் புது மெயிலும் வந்து விழுகிறது, அத்தனையும் அந்த ஒரே ஃபைலின் லாக்குக்கு, அதாவது ஒன்று எழுதும்போது மற்றதைத் தடுக்கும் பூட்டு திறப்பதற்கு, காத்திருக்க வேண்டும். பழைய மெயிலைக் காப்பகமாக எடுத்து வைக்க வேண்டுமானால் எம்பாக்ஸ் நல்லது, அவ்வளவுதான்.

மெயில்டிர், க்யூமெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் 1990-களில் கொண்டுவந்த வடிவம். ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல். டெம்ப், நியூ, கர் என்று மூன்று டைரக்டரிகள். மெயில் முதலில் டெம்ப்பில் முழுசாக எழுதப்பட்ட பிறகுதான் நியூவுக்கு நகர்கிறது, அதனால் நடுவில் கரண்ட் போனாலும் அரைகுறை மெயில் இன்பாக்ஸுக்குள் வராது. படித்தாயிற்றா, பதில் போட்டாயிற்றா என்பதெல்லாம் ஃபைல் பெயரின் கடைசியிலேயே எழுத்துகளாக இருக்கும். மெயில்களைச் சீக்கிரம் காட்ட டவ்காட் வைத்திருக்கும் பட்டியலான இண்டெக்ஸ் கெட்டுப்போனால்கூட அழித்துவிடலாம், ஃபைல்களைப் பார்த்து அது மறுபடி கட்டிக்கொள்ளும். யாராவது முக்கியமான மெயிலை அழித்துவிட்டு வந்து நின்றால் பேக்கப்பிலிருந்து அந்த ஒரு ஃபைலை எடுத்துப் போட்டால் போதும். எனக்கு வேகத்தைவிட இதுதான் பெரிசு.

எம்டிபாக்ஸ் உண்மையிலேயே வேகம்தான், உங்கள் நண்பர் சொல்வதில் தவறில்லை. பல மெயில்களைச் சேர்த்துப் பெரிய ஃபைல்களாக வைப்பதால் பேக்கப் சீக்கிரம் முடியும். ஆனால் படித்தது, படிக்காதது போன்ற குறிகள் இண்டெக்ஸில்தான் இருக்கும், அது போனால் மெயில்களை மீட்டாலும் குறிகள் போயிற்று. மெயிலை நீக்கியதும் டிஸ்க்கில் இடமும் காலியாகாது, நீக்கியவற்றைத் துடைத்தெடுக்கும் டவ்அட்மின் பர்ஜ் கட்டளையைத் தவறாமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லட்சக்கணக்கான மெயில்பாக்ஸை முழுநேரமாகப் பார்த்துக்கொள்ள ஆட்கள் உள்ள இடத்துக்கு அது சரி. உங்களிடம் மற்ற வேலைகளோடு சர்வரையும் பார்ப்பவர் ஒருவர்தான் இருப்பார் என்று நினைக்கிறேன், அவர் விடுப்பில் போன நாளிலும் அது தாங்க வேண்டும்.

மெயில்டிரிலும் தொல்லை உண்டு. ஃபைல்கள் பெருகும். லினக்ஸின் ஃபைல்சிஸ்டமான இஎக்ஸ்டி4 வழக்கமான அமைப்பில் 16 கேபிக்கு ஒரு ஐநோட் (ஒரு ஃபைலுக்கு ஒன்று வீதம் தேவைப்படும் பதிவு) தருகிறது, 100 ஜிபி டிஸ்க்கில் சுமார் 65 லட்சம் ஃபைல். குட்டி மெயில்களாக நிறைந்தால் இடம் இருந்தும் ஐநோட் தீரலாம். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டம் ஐநோட்களைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும், டிஸ்க்கை இனிமேல்தான் ஃபார்மட் செய்யப் போகிறீர்கள் என்றால் அதையே எடுங்கள். அப்புறம், ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி (:) வரும், விண்டோஸ் அதை ஏற்காது, அதனால் விண்டோஸ் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் பேக்கப்பை அப்படியே காப்பி செய்யாதீர்கள், எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டும் டார் ஆக்கிப் போடுங்கள்.

டெபியன் 13-இல் வருவது டவ்காட் 2.4. பழைய வழிகாட்டிகளில் உள்ள, மெயில் எந்த வடிவில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மெயில் லொக்கேஷன் (mail_location) வரி அதில் செல்லாது. மெயில் டிரைவர் (mail_driver), மெயில் பாத் (mail_path) என்று இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். முதலில் இரண்டு பேரின் கணக்கை மட்டும் மாற்றி, ஒரு மெயிலை அழித்துப் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள், அது வந்த பிறகு மற்றவர்களை மாற்றலாம்.