பெய்ரோனி கேள்வி-பதில்: எத்தனை டிகிரி, எத்தனை மாதம்?

ஆணுறுப்பின் உள்ளே தழும்பு விழுந்து, விறைக்கும்போது உறுப்பு வளைகிற நோய்தான் பெய்ரோனி. இதுபற்றிக் கடிதம் எழுதுவோருக்கு முதலிலேயே ஒரு வேண்டுகோள். வளைவு எப்போது தொடங்கியது, முழு விறைப்பில் எத்தனை டிகிரி, இன்னும் மாறுகிறதா அல்லது நின்றுவிட்டதா, விறைப்பு முன்போல் வருகிறதா என்ற நான்கு விவரங்கள் வேண்டும். இவை இல்லாத கடிதத்துக்கு "யூராலஜிஸ்டைப் (சிறுநீரியல் மருத்துவரை) பாருங்கள்" என்பதைத் தாண்டி ஒன்றும் எழுத முடியாது.

ஆணுறுப்பின் மேல்பக்கம் கடலைப் பருப்பு அளவில் கெட்டியாக ஒன்று தட்டுப்படுகிறது. விறைக்கும்போது வலிக்கிறது. புற்றுநோயா? (வயது 52)

இல்லை. தோலுக்கு அடியில், விறைப்புத் திசுவைச் சுற்றியுள்ள டியூனிகா உறையில் உருவான தழும்பு அது. தழும்பு உள்ள பக்கம் உறை விரியாது, மறுபக்கம் விரியும். அதனால் தழும்பு உள்ள பக்கமாக உறுப்பு வளையும். இது புற்றுநோயாக மாறாது. தோலில் ஆறாத புண்ணோ, வளரும் சதையோ இருந்தால் அது வேறு விஷயம், தாமதிக்காமல் காட்டுங்கள்.

தொற்றுமா? சுயஇன்பத்தால் வந்ததா?

இரண்டும் இல்லை.

சார், எனக்கு வளைந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

கடிதம் இவ்வளவுதான். வயது இல்லை, மாதம் இல்லை, அளவு இல்லை. 20 டிகிரிக்கும் 80 டிகிரிக்கும் ஒரே பதிலா சொல்ல முடியும்? அளந்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அளப்பது இப்படி. முழு விறைப்பில் இரண்டு படம் எடுக்க வேண்டும். ஒன்று பக்கவாட்டில், கேமரா உறுப்பின் மட்டத்திலேயே இருக்கும்படி. இன்னொன்று நேர் மேலிருந்து. மேலிருந்து மட்டும் எடுத்தால் மேல்நோக்கிய வளைவு படத்தில் தெரியவே தெரியாது. பலரும் செய்கிற தவறு இதுதான். படத்தில் அடிப்பகுதியின் நடுவே ஒரு நேர்கோடு போட்டு நீட்டுங்கள். நுனிப்பகுதியின் நடுவே இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் முதல் கோட்டிலிருந்து இரண்டாவது எவ்வளவு விலகுகிறதோ, அதுதான் உங்கள் டிகிரி. பாதி விறைப்பில் எடுத்த படம் வளைவைக் குறைத்தே காட்டும்.

நீளத்தையும் குறித்துவையுங்கள். தளர்ந்த நிலையில் உறுப்பை இழுத்துப் பிடித்து, மேல்பக்கம் அடியில் எலும்பு தட்டும்வரை ஸ்கேலை அழுத்தி, நுனிவரை அளக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு படத்திலும் தேதி இருக்கட்டும். மருத்துவமனையில் ஊசி போட்டு விறைப்பு வரவைத்து அளப்பதும், கூடவே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பதும் இதைவிடத் துல்லியம். ஊசியோ அறுவை சிகிச்சையோ முடிவுசெய்யும்முன் அது கட்டாயம். ஆனால் போன மாதம் எப்படி இருந்தது என்று அந்த ஸ்கேன் சொல்லாது, உங்கள் படம்தான் சொல்லும்.

வளைவு வந்து எட்டு மாதம். வைட்டமின் ஈ 400 ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். கூடவே ஒரு தைலமும் தடவிக் கையால் நேராக்கிவருகிறேன். வலி போய்விட்டது, ஆனால் வளைவு கூடியதுபோல் இருக்கிறது. இன்னும் எத்தனை மாதம் தொடரலாம்? (வயது 49)

இன்றே நிறுத்துங்கள், முதலில் அந்தக் கைவேலையை.

மாத்திரையால் வலி போகவில்லை, அதுவாகவே போனது. பெய்ரோனியில் வலி ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் பத்தில் ஒன்பது பேருக்குத் தானாக அடங்கும். இந்த ஒரு உண்மையை வைத்துத்தான் மாத்திரை, தைலம், லேகியம் எல்லாம் விற்பனையாகின்றன. மூன்று மாதம் சாப்பிட்டேன், வலி போச்சு என்று அவரவர் சாட்சி சொல்வார்கள். பச்சைத் தண்ணீர் குடித்திருந்தாலும் போயிருக்கும். வளைவின் கணக்கு வேறு. எந்தச் சிகிச்சையும் இல்லாமல் விட்டால் சுமார் நூற்றில் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் குறையும், நாற்பது பேருக்கு அப்படியே நிற்கும், மீதிப் பாதிப்பேருக்குக் கூடும். குறைகிற அந்தப் பத்துப் பேர் எந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தாலும் அந்த மாத்திரைக்குப் பெயர் கிடைத்துவிடும். மருந்தில்லாத மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். வைட்டமின் ஈ, தமாக்சிஃபென், ஒமேகா 3, கார்னிடின் எல்லாம் அப்படி வெளுத்தவைதான். அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் இவற்றைக் கொடுக்காதீர்கள் என்றே சொல்கிறது. அதற்குப் பிறகும் சீட்டில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நோயாளி வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காக.

தைலம் அதைவிட மோசம். தழும்பு தோலில் இல்லை, அதற்கு அடியில் கொலாஜன் நார் இறுகிய உறையில் இருக்கிறது. மேலே தடவுவது அங்கே போய்ச் சேராது. தடவும்போது முறுக்குவதும் இழுத்து ஒடிப்பதும்தான் உள்ளே சேரும். இந்த நோயே பெரும்பாலும் உறையில் ஏற்படும் சிறு சிறு காயங்கள் சரியாக ஆறாததால் வருவது. அந்த இடத்திலேயே தினமும் புதுக் காயம் ஏற்படுத்தினால் வளைவு ஏன் கூடாது? மருத்துவர் முறையைக் காட்டித்தராமல் கையால் நிமிர்த்தாதீர்கள். இதைத் திரும்பத் திரும்ப எழுதவேண்டியிருக்கிறது.

மாத்திரையால் உடம்புக்குக் கெடுதல் குறைவுதானே என்பீர்கள். இழப்பு காலத்தில். முதல் ஓராண்டில்தான் வளைவு மாறும், நீளம் குறையும். அந்த மாதங்களில் செய்ய வேண்டியவை இருக்கின்றன. வலி இருந்தால் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை கொஞ்ச நாள், அதுவும் குடல்புண், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு. உறுப்பை மெல்ல இழுத்து நீட்டும் டிராக்ஷன் கருவி. விறைப்பு குறைந்திருந்தால் அதற்கான மருந்து. சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையை விடுவது. இவற்றைத் தள்ளிப்போட்டு மாத்திரையை நம்பியிருந்த ஆறு மாதம் திரும்பிவராது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் அதிக அளவு வைட்டமின் ஈ எடுத்தால் ரத்தக்கசிவு அபாயமும் உண்டு.

நீங்கள் இன்னும் மாறும் கட்டத்தில் இருக்கிறீர்கள். படம் எடுங்கள், மாத விவரத்தோடு யூராலஜிஸ்டைப் பாருங்கள்.

சர்க்கரை பத்து வருடமாக உண்டு. வளைவு சுமார் 35 டிகிரி, விறைப்பும் பாதிதான் வருகிறது. எதை முதலில் பார்ப்பது? (வயது 57)

விறைப்பை. பாதி விறைப்போடு உறவு கொண்டால் உறுப்பு நடுவில் மடங்கும், அந்த மடிப்பில் புதுக் காயம் படும். டாடலாஃபில் தினம் 5 மில்லிகிராமோ, தேவைக்குச் சில்டெனாஃபிலோ மருத்துவர் முடிவுசெய்வார். சில்டெனாஃபிலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதாதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரையோ ஸ்ப்ரேயோ பயன்படுத்துகிறவர் இரண்டையும் தொடக்கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கும்.

துணை மேலிருக்கும் நிலையில் நழுவி, எலும்பில் மோதி மடங்குவது அதிகம். அதைக் கொஞ்ச காலம் தவிர்க்கலாம். உள்ளங்கையில் கயிறுபோல் தோலடித் திசு திரண்டு விரல் மடங்குகிறதா என்றும் பாருங்கள். டுபுய்ட்ரென் எனப்படும் அந்தப் பிரச்சினை பெய்ரோனி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இருக்கும்.

ஷாக் வேவ் (அதிர்வலை) சிகிச்சை பத்து சிட்டிங் எடுத்தால் நேராகிவிடும் என்கிறார்கள்.

ஆகாது. நீடிக்கும் வலியைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஒன்றரை வருடம் ஆகிறது, ஆறு மாதமாக மாற்றமில்லை. மேல்நோக்கி 45 டிகிரி. விறைப்பு நன்றாக இருக்கிறது. கொலாஜினேஸ் ஊசி பலன் தருமா?

இப்படி எழுதினால்தான் பதில் எழுதவும் மனசு வருகிறது.

நீங்கள் பொருத்தமான ஆள்தான். தழும்பில் உள்ள கொலாஜன் நாரைக் கரைக்கும் மருந்து அது, அமெரிக்காவில் 2013-இல் அனுமதி பெற்றது. 30 டிகிரிக்கு மேல் வளைவும், கையில் தட்டுப்படும் தழும்பும் இருப்பவர்களுக்கு. ஐரோப்பாவில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள், எங்கும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு சுற்றுக்கு இரண்டு ஊசி, ஒன்று முதல் மூன்று நாள் இடைவெளியில். சுற்றுக்குச் சுற்று ஆறு வாரம். அதிகபட்சம் நான்கு சுற்று. ஊசிக்குப் பிறகு மருத்துவர் உறுப்பை மெதுவாக நீட்டி நிமிர்த்துவார், வீட்டில் செய்யும் முறையையும் காட்டித்தருவார். கையால் நிமிர்த்தக்கூடாது என்ற விதிக்கு விலக்கு இங்கு மட்டும்தான்.

முழு நேராகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரிய ஆய்வுகளில் சுமார் 50 டிகிரி இருந்தவர்களுக்குச் சராசரி 17 டிகிரி குறைந்தது. மருந்தில்லா ஊசி போட்டவர்களுக்கே 9 டிகிரி குறைந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள். தழும்பில் சுண்ணாம்பு படிந்து கல்போல் ஆகியிருந்தால் பலன் குறைவு.

ஊதாநிறக் கன்றலும் வீக்கமும் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், பயம் வேண்டாம். ஆனால் 'டப்' என்று சத்தம் கேட்டு விறைப்பு சட்டென்று அடங்கிப் பெரிதாக வீங்கினால் உறை கிழிந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். இரண்டாவது ஊசிக்குப் பிறகு குறைந்தது நான்கு வாரம் உறவு கூடாது.

கொலாஜினேஸ் கிடைக்காத இடங்களில் வெராபமில் அல்லது இன்டர்ஃபெரான் ஊசி தழும்பில் போடுவதுண்டு. வெராபமிலுக்கு ஆதாரம் பலவீனம். இன்டர்ஃபெரான் போட்ட அன்று காய்ச்சல், உடம்புவலி வரும். ஸ்டீராய்டு ஊசி வேண்டாம், திசு மெலிந்துபோகும்.

டிராக்ஷன் கருவி ஒரு வாரம் மாட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு வாரத்தில் என்ன ஆகும்? மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். பழைய வகைக் கருவி என்றால் தினம் மூன்று மணிநேரத்துக்குக் குறையாமல், பகுதி பகுதியாக மாட்டலாம். புதிய வகைகளுக்கு அரை மணி, ஒன்றரை மணி போதும். முதல் வாரம் லேசான இழுப்பு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. மாட்டியபடி தூங்கக்கூடாது. நுனி நீலமாகவோ, குளிர்ந்தோ, மரத்தோ போனால் உடனே கழற்றுங்கள். கிடைக்கும் பலன், ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளமும் கொஞ்சம் வளைவுக் குறைவும்.

75 டிகிரி, நடுவில் இடுப்பு சிறுத்ததுபோல் குறுகியும் இருக்கிறது. இரண்டு ஆண்டாக மாற்றமில்லை. அறுவை சிகிச்சையில் எது நல்லது? (வயது 48)

விறைப்பு எப்படி என்று நீங்களும் எழுதவில்லை. அதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

விறைப்பு நன்றாக இருந்து வளைவு 60 டிகிரிக்குள் என்றால் பிளிக்கேஷன். வளைவுக்கு எதிர்ப்பக்க உறையைத் தையலால் சுருக்குவார்கள். எளியது, விறைப்புக்கு ஆபத்து குறைவு, நீளம் ஒரு சென்டிமீட்டர், சிலசமயம் இரண்டு குறையும். உங்களைப்போல் அதிக வளைவும் குறுகலும் இருந்தால் தழும்பை வெட்டித் திறந்து கிராஃப்ட் (ஒட்டுத் திசு) ஒட்டுவது பொருந்தும். நீளம் அவ்வளவாகக் குறையாது, ஆனால் பிறகு விறைப்புக் குறைவது நாலில் ஒருவர்வரை உண்டு, நுனி உணர்ச்சியும் மங்கலாம். மாத்திரைக்கும் விறைப்பு வராதவர்களுக்கு உள்ளே பொருத்தும் செயற்கைக் கருவிதான் வழி. அதே அறுவையில் வளைவையும் நிமிர்த்திவிடுவார்கள். எதுவானாலும் ஆறு வாரம் உறவு கூடாது.

அறுவைக்கு முன் இழுத்து அளந்த நீளத்தை உங்கள் கண்முன் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு வரும் சண்டை பாதி இதிலேயே தீரும்.

பத்து மாதமாகக் கணவர் தள்ளிப் படுக்கிறார். கேட்டால் எரிந்துவிழுகிறார். அவர் அலமாரியில் இந்த நோய் பற்றிய மருத்துவச் சீட்டைப் பார்த்தேன். என்மேல் வெறுப்பா? (மனைவி, வயது 45)

வெறுப்பாக இருக்க வாய்ப்பு குறைவு அம்மா. பெய்ரோனி வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மனச்சோர்வில் இருக்கிறார்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லித் தனியாகப் படுப்பது அதன் வழக்கமான முகம். சீட்டைப் பார்த்துவிட்டேன் என்பதை மறைக்காமல், படுக்கையில் அல்லாமல் வேறு நேரத்தில் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் கூடவே போங்கள். உங்களுக்கு உறவில் வலி இருந்தால் அதையும் அங்கே சொல்லவேண்டும், சிகிச்சை தேவையா என்ற முடிவில் அதற்கும் பங்கு உண்டு. தூக்கம், சாப்பாடு கெட்டு, வாழப் பிடிக்கவில்லை என்று பேசினால் யூராலஜிஸ்டுக்கு முன் மனநல மருத்துவர்.

இளவயதிலிருந்தே கீழ்நோக்கிக் கொஞ்சம் வளைவு. கட்டி, வலி எதுவும் இல்லை. இதுவும் பெய்ரோனியா? (வயது 44)

இல்லை. பிறவி வளைவு. உறவுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.