புதிய அபிவிருத்தித் திட்டம் வருமுன் பழைய கோப்புகளைத் திறவுங்கள்

கேள்வி: திருகோணமலை மாவட்டத்துப் பிரதேச சபை ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். திட்டமிடல் பிரிவு என்றால் நானும் ஒரு எழுதுவினைஞரும்தான். எந்தக் காணியில் என்ன கட்டலாம் என்று சொல்லும் புதிய அபிவிருத்தித் திட்டம் எங்கள் பகுதிக்குத் தயாராகிறதாம். கையில் இருக்கும் கட்டட, காணிப் பிரிப்பு விண்ணப்பங்களை எந்த விதிப்படி பார்ப்பது? இப்போதே செய்யவேண்டியது என்ன?

பதில்: கையில் இருப்பவற்றை இன்று நடைமுறையில் உள்ள விதிப்படியே பாருங்கள். "புதுத் திட்டம் வரட்டும்" என்று வரைவைக் காட்டி யாரையும் அலைக்கழிக்காதீர்கள். வர்த்தமானி வெளிவந்ததும், நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் வாசியுங்கள்.

அதற்கும் முன்னால் எல்லையைச் சரிபாருங்கள். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடத்துக்கு ஒரு விதி. அதற்கு வெளியே 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். ஒரே சபைக்குள் இரண்டும் இருக்கலாம். கிராம சேவகர் பிரிவு வாரியாக ஒரு வரைபடத்தில் நிறம் தீட்டிச் சுவரில் மாட்டினாலே பாதி வாக்குவாதம் குறையும்.

அந்த அதிகார சபையின் 1986 திட்டமிடல் ஒழுங்குவிதிகளுக்குப் பதிலாக 2021இல் புதியவை வந்தன. கொழும்பில் விதி மாறினாலும் அதன் சூடு படுவது உங்கள் கவுண்டரில்தான். ஓர் உதாரணம்: பத்துப் பேர்ச் காணியை இரண்டு பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்து எழுத ஒரு தகப்பன் வருகிறார். பொது விதியில் ஒரு துண்டின் குறைந்தபட்ச அளவு 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய ஆறு பேர்ச். ஐந்து, ஐந்தாகப் பிரிக்க வழியில்லை. இந்தக் கதை உங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல என்று நினைக்கிறேன். ஆனால் அது எங்காவது எழுத்தில் இருக்கிறதா?

என் அனுபவத்தில் சின்னப் பிரிவுகள் தவறவிடுவது இதைத்தான். திட்டத்தை வரைவது நகர அபிவிருத்தி அதிகார சபையாக இருக்கலாம். எந்த ஒழுங்கையில் எந்த விதி முட்டுகிறது என்று தெரிந்தவர் நீங்கள். கடந்த மூன்று வருடக் கோப்புகளை எடுத்து, நிராகரித்தவை, சலுகை கேட்டவை, அனுமதியில்லாமல் கட்டி முடித்துவிட்டு வந்தவை என்று ஒரு எக்செல் தாளில் போடுங்கள். இடம், காணியின் அளவு, வீதியின் அகலம், காரணம்: நான்கு நிரல் போதும். வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் "எங்கள் மக்களுக்கு இது சரிவராது" என்று கடிதம் எழுதுவதைவிட, "இந்த வட்டாரத்தில் இத்தனை காணிகள் ஆறு பேர்ச்சுக்குக் குறைவு" என்ற கடிதம் எடுபடும். வரைவு இறுதியாகிவிட்டால் அந்தக் கடிதத்துக்கு வேலையில்லை.

உறுப்பினர்களையும் மறவாதீர்கள். 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இல்லை. இப்போதுள்ள பலருக்கு வலயப்படுத்தல், அதாவது எந்தப் பகுதியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று பிரிப்பது, புதுச் சொல். அவர்களிடம் சட்டப் புத்தகத்தை நீட்டாமல், அந்தத் தாளையும் சுவர் வரைபடத்தையும் காட்டுங்கள்.

உப்புவெளி போன்ற கரையோரம் உங்கள் எல்லைக்குள் வந்தால் காணி கரையோர வலயத்துக்குள் வருகிறதா என்று தாளில் ஐந்தாவது நிரல் ஒன்று வேண்டும். உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தனியாகத் தேவை. அபிவிருத்தித் திட்டம் மாறினாலும் அந்தத் தேவை மாறாது.