தின்னர் வாடைக்கு ஜின்செங் கவசமாகுமா?

ஸ்ப்ரே பெயின்ட் வேலை, தினமும் தின்னர் வாடை, சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு. கல்லீரலைக் காக்க ஜின்செங் (கொரிய, சீன மருத்துவத்தில் வழங்கும் ஒரு வேர்) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்லீரலைக் கெடுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயனம் கொடுத்த எலிகளில் ஜின்செங் கல்லீரல் சேதத்தைக் குறைத்தது உண்மைதான். அதிலுள்ள ஜின்செனோசைடுகள் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைத் தூண்டுகின்றன. அதனால் செல் தன்னைக் காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளைக் கூடுதலாகச் செய்துகொள்கிறது. ஆனால் எலிக்குக் கண்டதை வைத்து, வருடக்கணக்கில் தின்னரிலுள்ள டொலுவீன் போன்ற கரைப்பான் ஆவியைச் சுவாசிப்பவருக்கு உத்தரவாதம் தர முடியாது.

காசை முகமூடியில் போடுங்கள். துணியோ சாதா என்95-ஓ ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்பன் கேட்ரிட்ஜ், அதன் முன்னால் துகள் வடிகட்டி வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். வேலை முடிந்ததும் கேட்ரிட்ஜைக் காற்றுப்புகாத டப்பாவில் மூடி வையுங்கள். பட்டறையில் தொங்கவிட்டால் சும்மாவே உறிஞ்சித் தீர்ந்துவிடும். முகமூடிக்குள் வாடை வந்தால் கேட்ரிட்ஜ் ஏற்கெனவே தீர்ந்திருக்கும், இல்லையேல் ஓரத்தில் கசிகிறது. ஹார்டனர் கலக்கும் பெயின்டில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் உண்டு, அதற்கு வாடையே எச்சரிக்காது. வெளிக்காற்று குழாயில் வரும் முகமூடிதான் சரி. தின்னரில் கை கழுவுவதையும் விடுங்கள்.

கிளிமிபிரைடோடு ஜின்செங் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். 'இந்திய ஜின்செங்' என்று விற்கும் அஸ்வகந்தா வேறு செடி. அதனாலேயே கல்லீரல் கெட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். எதையும் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லி எல்எஃப்டி (கல்லீரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனை) எடுத்துவிடுங்கள்.