ஆவுளியா கண்காணிப்புக்கு நீரடி மைக்: பீளமேட்டுத் தம்பிக்கு

பாக் விரிகுடாவில் ஆவுளியாவையும் (கடல் பசு) படகுகளையும் கண்காணிக்க, கம்மி செலவில் நீரடி மைக் செய்ய முடியுமான்னு கேட்டிருக்கீங்க தம்பி. முடியும்ங்க. ஆவுளியாவோட கீச்சொலி ஏறக்குறைய 3 முதல் 18 கிலோஹெர்ட்ஸ்; 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் (நொடிக்கு 48,000 தடவை ஒலியை அளந்து) பதிந்தால் போதும். விலை கூடின கருவியெல்லாம் ஓங்கிலோட (டால்பின்) ரொம்ப உயர்ந்த அதிர்வெண் கிளிக் ஒலிக்குத்தான் வேணும்.

காசை, மைக்குக்குள்ள தண்ணி புகாமக் காக்குற உறைக்குச் செலவழிங்க. கோவை கணபதிப் பக்கம் சப்மர்சிபிள் மோட்டார் பட்டறையில் ஓ-ரிங் (தண்ணி புகாம அடைக்கிற ரப்பர் வளையம்), கேபிள் சீல் பத்தி விசாரிங்க. கட்டினதும் தோட்டத்துக் கிணத்துல 40 அடி தண்ணிக்குள்ள ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. ஏன்னா, ஆழம் 10 மீட்டர் கூடக்கூட ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும்; உறை தாங்குதான்னு தெரிஞ்சுடும்.

எஞ்சின் சத்தத்தை வெச்சுப் படகு வந்துபோன நேரம் எடுத்துடலாம். வலையில் சிக்கினதை மைக் சொல்லாது, மீனவர்களைத்தான் கேட்கணும். ஆவுளியா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணை 1 விலங்கு, வழக்கு வருமோன்னு தயங்குவாங்க. பேர் எழுதாமக் கேளுங்க. மைக் போடுற இடம் 2022ல் ஆவுளியா காப்பகமா அறிவிச்ச பகுதின்னா, வனத்துறை அனுமதி மொதல்ல.