இழுத்தும் நிற்காத பிரேக்: பழைய பைக் வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

பழைய வண்டிகளின் பிரேக் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் பலரும் கேட்டது ஒன்றைத்தான்: டிரம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஸ்க் மாட்டிவிடலாமா? அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முன்னால் உள்ளவற்றைப் படித்தபின் சிலருக்கு அந்தக் கேள்வியே தேவைப்படாமல் போகலாம். டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் கிண்ணத்துக்குள் ஷூ என்ற இரண்டு வளைந்த துண்டுகள் விரிந்து உரசி நிறுத்தும். டிஸ்க்கில், சக்கரத்தோடு சுற்றும் தட்டைக் கேலிப்பர் என்ற கவ்வி இறுக்கிப் பிடிக்கும்.

கேள்வி: அண்ணே, புல்லட் முன்சக்கரத்துக்குப் புது ஷூ போட்டு ஒரு மாதம் ஆச்சு. லீவர் கைப்பிடியைத் தொடும்வரை இழுத்தாலும் வண்டி மெதுவாத்தான் நிற்குது. தேய்ஞ்ச பழைய ஷூவே தேவலாம் போல. ஷூ மட்டமான சரக்கா?

ஷூவைத் திட்டுவதற்கு முன்னால் சக்கரத்தைக் கழற்றி லைனிங்கை, அதாவது ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையைப் பாருங்கள், தம்பி. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் பளபளப்பு, மீதி இடமெல்லாம் கடையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். அந்த இரண்டு விரல் அகலம்தான் இத்தனை நாளும் உங்கள் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறது.

பல வருடம் ஓடிய டிரம் உள்ளே தேய்ந்து பெரிதாகியிருக்கும். யாராவது லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடைந்தும் இருப்பார்கள். புது ஷூவின் வளைவோ பழைய அளவுக்குச் செய்தது. பெரிய வட்டத்துக்குள் சின்ன வளைவு நடுவில் மட்டும்தான் தொடும். கொஞ்சம் தடிமனான லைனிங் ஒட்டச் சொல்லி, ஷூக்களை அவற்றைத் தாங்கும் பிளேட்டில் மாட்டியபடியே லேத்தில் ஏற்றி, டிரம்மின் உள்விட்டத்தைவிட 0.2 மி.மீ. அளவுக்குக் குறைவாகக் கடைவதுதான் முறையான வைத்தியம். லேத் கிடைக்காவிட்டால் டிரம்முக்குள் சாக்குக்கட்டியைத் தேய்த்துவிட்டு, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சக்கரத்தை ஒரு சுற்று சுற்றுங்கள். வெள்ளை ஒட்டிய மேட்டை மட்டும் அரத்தால் சீவுங்கள். திரும்ப மாட்டுங்கள், திரும்பச் சீவுங்கள். ஒரு முழுப் பகல் போய்விடும். போகட்டும்.

இதைச் செய்தும் பலர் கோட்டை விடுவது மாட்டும்போதுதான். ஆக்சில் நட்டை முழுசாக முறுக்காமல், சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். பிடித்த பிடியை விடாமல் நட்டை முறுக்குங்கள். அப்போதுதான் ஷூக்கள் டிரம்மின் நடுமையத்தில் உட்காரும். காசு செலவில்லாத வேலை. இதை மட்டும் செய்துவிட்டு "ஷூ மாற்றவே வேண்டாம் போலிருக்கே" என்று சொன்னவர்களும் உண்டு.

கேள்வி: டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதிவிடலாமா?

கூடவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பிரேக் கிளீனரால் நனைத்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேபிள் புதுசு, ஷூ புதுசு. ஆனாலும் லீவரில் பலமே இல்லை, சார்.

பிரேக்கைப் பிடித்த நிலையில், கேமை (திரும்பி ஷூக்களை விரிக்கும் தண்டை) இழுக்கும் ஆர்மைப் பாருங்கள். கேபிளும் ஆர்மும் அந்த நேரத்தில் 90 டிகிரி கோணத்தில் நின்றால்தான் கையின் பலம் முழுக்கக் கேமுக்குப் போகும். லைனிங் தேயத் தேய அட்ஜஸ்டரைத் திருகிக்கொண்டே வந்திருப்பீர்கள். ஆர்ம் செங்குத்தைத் தாண்டிப் போயிருக்கும். அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் பாதிதான் வேலைக்கு ஆகும். புது ஷூ போடும்போது ஆர்மைக் கழற்றி, கேம் தண்டில் பல் மாற்றி மாட்டுங்கள். கேபிளின் வெளிக்கூடு எங்காவது நசுங்கி வளைந்தால் அதிலும் ஒரு பங்கு பலம் போய்விடும்.

கேள்வி: என் வண்டியில் முன்பக்கம் இரண்டு கேம். ஒற்றைக் கேம் வண்டியைவிட மோசமாப் பிடிக்குதே, ஏன்?

சக்கரம் சுற்றும் திசையில் முன்முனை திறக்கும் ஷூவை டிரம்மே உள்ளே இழுத்து இன்னும் இறுக்கும். எதிர்ப்பக்க ஷூவை அதே சுழற்சி தள்ளிவிடப் பார்க்கும். ஒற்றைக் கேமில் ஒரு ஷூதான் அப்படி இறுகும். இரட்டைக் கேமில் இரண்டும். ஆனால் இரண்டும் ஒரே நொடியில் தொட வேண்டும். ஒன்று முந்திக்கொண்டால் மற்றொன்று வேடிக்கைதான் பார்க்கும்.

இரண்டு ஆர்மையும் இணைக்கும் கம்பியின் பின்னைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கேமையும் தனித்தனியாக, ஷூ டிரம்மைத் தொடும்வரை திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் பின் தானாக ஓட்டைக்குள் விழும் அளவுக்குக் கம்பியின் நீளத்தை வையுங்கள். தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் நீளம் சரியில்லை என்று அர்த்தம்.

மேட்டில் நிறுத்தி, வண்டி பின்னோக்கி உருளும்போது இந்த பிரேக் கையை விரித்துவிடும். திசை மாறியதும் இரண்டு ஷூவுமே தள்ளப்படுகிற ஷூவாகிவிடும். அது பழுதில்லை, பின்பிரேக்கை மிதியுங்கள்.

கேள்வி: பிடிக்கும்போது லீவர் துடிக்கிறது.

டிரம் வட்டமாக இல்லை. ஸ்போக்கை இறுக்கும்போது ஹப் (டிரம் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) கொஞ்சம் இழுபடும். அதனால் ஸ்போக் கட்டி முடித்த சக்கரமாகவே லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும். வெறும் ஹப்பைக் கடைந்துவிட்டு ஸ்போக் கட்டினால் பழைய குருடி கதவைத் திறடி.

கேள்வி: பழைய டிஸ்க் பிரேக் வண்டி. கொஞ்ச தூரம் ஓடியதும் முன்சக்கரம் தானே இறுகிக்கொள்கிறது. காலையில் பார்த்தால் சுதந்திரமாகச் சுற்றுகிறது. கேலிப்பரை மாற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள். சக்கரம் இறுகியிருக்கும்போதே, மேலே லீவர் பக்கத்தில் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் (ஆயில் போகும் குழாய்) சேரும் போல்ட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். உடனே சக்கரம் விட்டால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர். விடவில்லையா? கீழே கேலிப்பரின் ஏர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகை) திறங்கள். அப்போது விட்டால் ஹோஸ் உள்ளே வீங்கி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால்தான் கேலிப்பர்: பிஸ்டன் துருப்பிடித்திருக்கும், அல்லது சீல் உட்காரும் பள்ளத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

மாஸ்டர் சிலிண்டர் என்றால், ஆயில் தொட்டியின் அடியில் இரண்டு துளைகள் தெரியும். பெரியது எல்லோர் கண்ணிலும் படும். அதன் பக்கத்தில் குண்டூசி முனை போல ஒன்று இருக்கும். சூட்டில் விரியும் ஆயில் தொட்டிக்குத் திரும்ப வருவது அந்த வழியாகத்தான். அதை ஒரு தூசி அடைத்தால் போதும், நீங்கள் சொன்ன அத்தனையும் நடக்கும். டிரில் போட்டுப் பெரிதாக்காதீர்கள், கிட்டாரின் மிக மெல்லிய கம்பியைவிட்டு நெம்பினால் திறந்துகொள்ளும்.

கேள்வி: பிரேக் ஆயிலில் டாட் 4 நல்லதா, டாட் 5 நல்லதா?

டாட் 5 சிலிக்கான் வகை; 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. இரண்டு வகையையும் கலக்கக் கூடாது. நான் டாட் 4 தான் ஊற்றுகிறேன். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் சேர்ந்தபின் 155 வரை இறங்கலாம். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பெயின்டில் சிந்தினால் உரித்துவிடும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

சீல் மாட்டும்போது சாதாரண கிரீஸ் தடவாதீர்கள். ஆரம்ப காலத்தில் நானே பேரிங் கிரீஸைத் தடவி, ஒரு வாரத்தில் சீல் எல்லாம் அப்பளம் போல உப்பி, மொத்தத்தையும் திரும்பக் கழற்றினேன். ரப்பருக்கென்று வரும் சிவப்பு கிரீஸ், இல்லையென்றால் பிரேக் ஆயிலே போதும்.

கேள்வி: என் பழைய பிரிட்டிஷ் பைக் நார்ட்டன் கமாண்டோவின் லீவர் கட்டைபோல இருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் கடிக்கவில்லை.

அந்த வண்டியின் பிரபலமான குறை இது. மாஸ்டர் சிலிண்டரின் துளை 5/8 அங்குலம், அதாவது ஏறக்குறைய 15.9 மி.மீ. ஒற்றை டிஸ்க்குக்கு அது பெரிது. உள்ளே ஸ்லீவ் (துளையைச் சிறிதாக்கும் குழல்) போட்டு 13 மி.மீ. ஆக்கினால், அதே கைப்பலத்துக்குக் கேலிப்பரில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு அழுத்தம் கிடைக்கும். லீவர் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வரும், அது பழகிவிடும்.

கேள்வி: சரி ஐயா, டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடலாமா?

1969இல் ஹோண்டா சிபி750 முன்பக்க டிஸ்க்கோடு வந்ததிலிருந்தே டிரம்காரர்களுக்கு இந்த ஆசை உண்டு. போடலாம். ஆனால் கேலிப்பர் மட்டும் வாங்கிவந்து, டிரம்முக்காகச் செய்த ஃபோர்க் காலில் பட்டையை வெல்டு வைத்து மாட்டுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பிடிக்கிற ஒவ்வொரு முறையும் கேலிப்பர் அந்த ஒற்றைக் காலை முறுக்கும். மாற்றுவதென்றால் டிஸ்க்குக்கென்றே வந்த ஃபோர்க், ஹப், ஆக்சில், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுத்துச் சேருங்கள். சக்கரம் நடுக்கோட்டில் நிற்கிறதா, கைப்பிடியை இருபக்கமும் முழுக்கத் திருப்பினால் ஹோஸ் எங்கும் இழுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிரம்மையே வைத்துக்கொள்வதாக முடிவெடுத்தால், பிரேக் பிளேட் சுற்றாமல் பிடிக்கும் ஆர்மின் நட்டில் பின் இருக்கிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள். அந்த நட் கழன்றால், பிரேக் பிடித்ததும் பிளேட் சக்கரத்தோடு சுற்றி கேபிளை அறுத்துக்கொண்டு சக்கரத்தைப் பூட்டிவிடும்.